தோற்றுப்போன ஜேம்ஸ் பாண்டை ஜெயிக்க வைத்த ரசிகர்கள்

ஜேம்ஸ் பாண்ட் படம் எப்படி முடியும் என்பது தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவருக்குக்கூடத் தெரியும். வில்லனின் கோட்டை வெடித்துச் சிதறும். பாண்டும் கதாநாயகியும் ஒரு படகிலோ தீவிலோ ஒதுங்குவார்கள். மேலதிகாரிகள் அவனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். ஜனங்கள் சிரித்துக்கொண்டே எழுந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள்.

1962-ல் தொடங்கி 2002 வரை வந்த முதல் இருபது படங்களில் ஒன்றே ஒன்றுதான் இப்படி முடியவில்லை. அதில் பாண்ட் கல்யாணம் செய்துகொள்கிறான். முறைப்படி, ஊரறிய, மாலை மரியாதையோடு! கல்யாணமான சில மணி நேரத்திற்குள் மனைவியைத் துப்பாக்கிக் குண்டுக்குப் பறிகொடுக்கிறான். அவள் உடலை மடியில் போட்டுக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருக்கிறான். படம் முடிந்துவிடுகிறது.

'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரட் சர்வீஸ்' என்பது படத்தின் பெயர். மாட்சிமை தங்கிய ராணியாரின் ரகசியப் பணியில் என்று தமிழில் சொல்லலாம். 1969 டிசம்பர் 18-ந் தேதி லண்டனில் வெளியாயிற்று. வரிசையில் ஆறாவது படம். நஷ்டப்பட்ட படம் அல்ல. ஆனால் முந்தைய படம் வசூலித்ததைவிடக் குறைவாக வசூலித்தது. அது போதாதா? 'ஓடாத பாண்ட் படம்' என்று முத்திரை குத்திவிட்டார்கள். கதாநாயகனாக நடித்தவரை 'ஒரு பட பாண்ட்' என்று கேலி பேசினார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பேச்சுத்தான் நிலைத்திருந்தது.

பிறகு நடந்ததுதான் விசேஷம். 2012-ம் ஆண்டு, பாண்ட் ரசிகர்களுக்கென்றே பிரிட்டனில் நடக்கும் '007 மாகஸின்' என்ற பத்திரிகை, வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. வரிசையிலேயே சிறந்த படம் எது என்பது கேள்வி. முதலிடம் பெற்றது இந்தப் படம். 'கோல்ட்ஃபிங்கர்' இரண்டாவது. 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' மூன்றாவது. அரை நூற்றாண்டாகக் கொடிகட்டிப் பறந்த ஷான் கானரியின் இரண்டு படங்களைக் கீழே தள்ளிவிட்டு, கைவிடப்பட்ட ஒரு படம் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. பத்திரிகை விமரிசகர்களும் படத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து செய்த வேலையல்ல இது. திரும்பத் திரும்பப் பார்த்த சாதாரண ரசிகர்கள் செய்த வேலை.

கானரி காலி செய்த நாற்காலி

ஓர் ஆபீஸில் பல வருஷம் ஒரே சீட்டில் இருந்த ஹெட் கிளார்க் ஒருவர் போய்விடுகிறார். அந்த இடத்துக்கு வேறு ஊரிலிருந்து ஒருவர் வருகிறார். வேலையை அவர் எப்படிச் செய்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. பழையவர் பேனாவை எப்படிப் பிடிப்பார், இவர் எப்படிப் பிடிக்கிறார் என்றுதான் பார்க்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்து இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நம்மவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

ஜார்ஜ் லேஸன்பிக்கு நேர்ந்ததும் அதுதான். 1939-ல் ஆஸ்திரேலியாவில் கோல்பர்ன் என்ற ஊரில் பிறந்தவர். கார் விற்பனை செய்துகொண்டிருந்தவர். லண்டனுக்குப் பிழைக்க வந்து, விளம்பரப் படங்களுக்கு நின்று சம்பாதித்தவர். ஒரு சாக்லேட் விளம்பரத்தில் தோளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்த முகம் பிரிட்டனில் எல்லோருக்கும் தெரியும். நடிப்பு? ஒரு நாடகத்தில்கூடத் தலை காட்டியதில்லை.

ஐந்து படங்களில் நடித்த ஷான் கானரி, போதும் என்று விலகிவிட்டார் என்ற செய்தி வந்ததும் லேஸன்பி செய்த காரியத்தைக் கேளுங்கள். கானரிக்குத் தைத்துத் தரும் தையற்காரரிடம் போனார். கானரி வாங்கிக்கொள்ளாமல் விட்டிருந்த ஒரு சூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். கானரிக்கு முடி வெட்டுகிறவரிடமே போய் முடி வெட்டிக்கொண்டார். தயாரிப்பாளர் ஆபீஸில் வரவேற்பில் இருந்த பெண் நிமிர்வதற்குள் படியேறி உள்ளே போய்விட்டார். பல நாடுகளில் படங்களில் நடித்திருப்பதாகக் கூசாமல் ஒரு பொய்யையும் சொன்னார்!

தயாரிப்பாளர்கள் ஆல்பர்ட் பிராக்கலி, ஹாரி சால்ட்ஸ்மன் இருவரும் நம்பிவிட்டார்கள். பிறகு டைரக்டர் பீட்டர் ஹன்ட்டிடம் லேஸன்பி உண்மையை ஒப்புக்கொண்டார். ஹன்ட் விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்த இரண்டு பேரையே ஏமாற்ற முடிந்தவன் நடிகனாக இல்லாமல் வேறென்ன என்பது அவருடைய வாதம். சோதனைப் படப்பிடிப்பில் ஒரு சண்டைக் காட்சி. எதிரே நின்றவர் மல்யுத்த வீரர். லேஸன்பி விட்ட குத்து நிஜமாகவே அவர் மூக்கைப் பதம் பார்த்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது.

படத்தின் முதல் காட்சியிலேயே இந்த நாற்காலி விவகாரத்தைச் சிரிப்பாக்கி விடுகிறார்கள். கடலில் விழப்போகும் பெண்ணை பாண்ட் காப்பாற்றுகிறான், அடியாட்களோடு மோதுகிறான். அதற்குள் அந்தப் பெண் காரில் ஏறிப் போய்விடுகிறாள். வழக்கமான பாண்டாக இருந்தால் அவள் வந்து கட்டிக்கொள்ள வேண்டும்! முன்னாலிருந்த ஆளுக்கு இப்படி ஒருநாளும் நடந்ததில்லையே என்று புதிய பாண்ட் நம்மைப் பார்த்துச் சொல்கிறான்.

பூதக் கருவி இல்லாத பாண்ட்

டைரக்டர் பீட்டர் ஹன்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாண்ட் படங்களுக்கு ஆரம்பம் முதல் எடிட்டராக இருந்தவர். சண்டையில் ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவில் உள்ளதை வெட்டியெறிந்து, பார்க்கிறவன் மூச்சு விடுவதற்குள் காட்சியை முடிக்கும் பாணி அவருடையது. அவர் டைரக்ட் செய்த ஒரே பாண்ட் படம் இது.

1967-ல் வந்த முந்தைய படத்தில் எரிமலைக்குள் ராக்கெட் தளம், குட்டி ஹெலிகாப்டர் என்று எங்கேயோ போய்விட்டார்கள். ஹன்ட் அதையெல்லாம் ஓரங்கட்டினார். இயான் ஃபிளெமிங் 1963-ல் எழுதிய நாவல் இருக்கிறது, அதை அப்படியே எடுப்போம் என்றார். திரைக்கதை எழுதியவர் ரிச்சர்ட் மெய்பாம். நாவலை இவ்வளவு ஒட்டிப் போகிற பாண்ட் படம் வேறு இல்லை என்று சொன்னால் தவறில்லை.

கருவிகள் இல்லையென்றால் பாண்ட் என்ன செய்வான்? மூளையையும் காலையும்தான் நம்ப வேண்டும். படத்தில் உருப்படியாக ஒரே ஒரு கருவி வருகிறது. அது வருகிற காட்சி, குமாஸ்தாக்கள் பார்த்து ரசிக்க வேண்டிய காட்சி. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரம். ஒரு வக்கீல் ஆபீஸ். வக்கீல் சாப்பாட்டு வேளைக்கு வெளியே போகிறார். அவர் திரும்பி வருவதற்குள் இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே உள்ள கடிதங்களை நகலெடுத்தாக வேண்டும். பக்கத்துக் கட்டட வேலையில் நிற்கும் கிரேன் மூலமாக ஒரு பெரிய மெஷினை ஜன்னல் வரை தூக்கி அனுப்புகிறார்கள். அந்த மெஷின் பூட்டையும் திறக்கும், நகலும் எடுக்கும். பாண்ட் அதை மாட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து ஒரு கவர்ச்சிப் பத்திரிகையைப் புரட்டுகிறான். மெஷின் தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. கடிகாரம் ஓடுகிறது. வக்கீல் திரும்பி வருகிறார். பாண்ட் வெளியேறுகிறான், போகும்போது அந்தப் பத்திரிகையின் நடுப்பக்கத்தை மறக்காமல் எடுத்துப் போகிறான். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு வசனம் இல்லை. ஆனால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம்.

ராஜிநாமாவா, லீவு லெட்டரா?

இதற்கு முன்னால் வருகிற இன்னொரு ஆபீஸ் காட்சியும் அருமை. புளோஃபெல்டைத் தேடும் பொறுப்பிலிருந்து பாண்டை மேலதிகாரி எம் விலக்கிவிடுகிறார். இரண்டு வருஷமாகத் தேடியும் பலனில்லை என்பது அவர் கட்சி. பாண்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. செக்ரட்டரி மிஸ் மனிபென்னியிடம் ராஜிநாமாக் கடிதம் எழுதச் சொல்கிறான். எம் கடிதத்தைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாமல் சம்மதம் என்கிறார். பாண்ட் தன் அறைக்குப் போய் மேஜை டிராயரைத் திறக்கிறான். பழைய படங்களில் வந்த கத்தியும் கடிகாரமும் மூச்சுக் கருவியும் அதில் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அந்தந்தப் படத்தின் இசை வருகிறது. இத்தனை வருஷ உழைப்புக்கு இவ்வளவுதானா மரியாதை என்று அவன் முகம் சொல்கிறது.

பிறகுதான் தெரிகிறது, மனிபென்னி எழுதி வைத்தது ராஜிநாமா அல்ல. இரண்டு வாரம் லீவு கேட்டு ஒரு விண்ணப்பம்! எம்மும் பாண்டும் இருவருமே அவளுக்கு நன்றி சொல்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையும் கடைசியில் ஒரு செக்ரட்டரியின் புத்திசாலித்தனத்தில்தான் ஓடுகிறது.

கதை என்னவென்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தில் ஒரு மலை உச்சியில் புளோஃபெல்ட் ஆஸ்பத்திரி நடத்துகிறான். பல நாடுகளிலிருந்தும் வந்த பன்னிரண்டு இளம் பெண்களின் ஒவ்வாமை நோயைக் குணப்படுத்துவதாகப் பெயர். உண்மையில் அவர்களுக்கே தெரியாமல் அவர்களை வசியப்படுத்தி, பயிரையும் கால்நடையையும் மலடாக்கும் கிருமிகளை அவர்கள் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பும் திட்டம். இந்தப் பன்னிருவரில் ஓர் இந்தியப் பெண்ணும் உண்டு. ஜாரா என்ற பெயரில் அதில் நடித்தவர் ஜஹீரா. பிறகு தேவ் ஆனந்துடன் 'கேம்ப்ளர்' இந்திப் படத்தில் நடித்தவர் இவர்தான்.

இவ்வளவும் செய்து புளோஃபெல்ட் கேட்பது என்ன? பழைய குற்றங்களுக்கு மன்னிப்பு. அதோடு தான் ஒரு பிரபு வம்சத்து வாரிசு என்று அங்கீகாரம். அந்த வம்சத்தில் யாருக்கும் காது மடல் கிடையாதாம். அதற்காகத் தன் காது மடலையே அறுத்துக்கொண்டிருக்கிறான்! உலகத்தையே மிரட்டுகிறவனுக்கும் ஒரு ஜமீன் பட்டத்தின் மேல் என்ன ஆசை பாருங்கள். மொட்டைத் தலையுடன் டெலி சவாலஸ் இந்த வேஷத்தில் அசத்தியிருக்கிறார்.

அந்த மலை உச்சி செட் அல்ல. ஷில்ட்ஹார்ன் சிகரம், உயரம் 2,970 மீட்டர். சுற்றிக்கொண்டே இருக்கும் உணவு விடுதி ஒன்றை அங்கே கட்டிக்கொண்டிருந்தார்கள். பணம் போதாமல் உள்வேலை முடியாமல் நின்றது. படக் கம்பெனி செலவு செய்து உள்ளே முடித்துக் கொடுத்து, அதற்குப் பதிலாகப் படப்பிடிப்புக்கு வாங்கிக்கொண்டது. நாவலில் வரும் 'பிட்ஸ் குளோரியா' என்ற பெயரையே விடுதிக்கு வைத்துவிட்டார்கள். ரசிகர்களுக்கு அது இன்று ஒரு க்ஷேத்திரம். படத்தின் ஐம்பதாவது ஆண்டான 2019-ல் அங்கே கூடிக் கொண்டாடினார்கள்.

பனிச்சறுக்குத் துரத்தலைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். வில்லி போக்னர் என்ற மேற்கு ஜெர்மனி ஒலிம்பிக் வீரர், கையில் காமிராவைப் பிடித்துக்கொண்டு பின்புறமாகச் சறுக்கிக்கொண்டே படம் எடுத்தார். ஜானி ஜோர்டன் என்ற காமிராமேன் ஹெலிகாப்டருக்குக் கீழே ஒரு தொட்டிலில் தொங்கியபடி எடுத்தார். முந்தைய பாண்ட் படத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் ஒரு பாதத்தை இழந்தவர் அவர். 1969-லேயே வேறொரு படத்தின் படப்பிடிப்பில் விமானத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். நடிகர்களின் முகத்தைக் கிட்டே காட்டும்போது பின்னால் திரை ஓடுவது பளிச்சென்று தெரிகிறது; அதை மறைப்பதற்கில்லை. மற்றதெல்லாம் நிஜ மலை, நிஜப் பனி, உயிரைப் பணயம் வைத்த மனிதர்கள். ஒரு சறுக்குக் கட்டை கழன்றுபோய் ஒற்றைக் காலில் பாண்ட் சறுக்கி வருகிற இடத்தில் இன்றைக்கும் கை தட்டலாம்.

பயந்துபோன பாண்ட்

ஆனால் ரசிகர்கள் மாய்ந்து மாய்ந்து பேசுவது அந்தத் துரத்தலைப் பற்றியல்ல. அது முடிந்த பிறகு வருகிற இரண்டு நிமிடத்தைப் பற்றி.

மலையிலிருந்து தப்பி வந்த பாண்ட் கீழே ஓர் ஊருக்குள் நுழைகிறான். கிறிஸ்துமஸ் திருவிழாக் கூட்டம். எங்கு பார்த்தாலும் விளக்கு, பாட்டு, சிரிப்பு. கூட்டத்துக்குள் வில்லனின் ஆட்கள். பாண்ட் களைத்துப்போயிருக்கிறான். கரடி வேஷம் போட்ட ஒருவன் அருகில் வந்ததற்கே துள்ளி விழுகிறான். பனிச்சறுக்கு மைதானத்தின் ஓரத்தில், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, அகப்பட்டுவிட்டோம் என்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். முழுக்க முழுக்கத் தெரியாத ஊரில், கையில் காசில்லாமல், யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு அந்த முகம் புரியும்.

அப்போது இரண்டு சறுக்குக் காலணிகள் அவன் முன்னால் வந்து நிற்கின்றன. நிமிர்ந்து பார்க்கிறான். டிரேஸி.

கானரியின் பாண்ட் எந்த இடத்திலும் இப்படிப் பயந்ததில்லை. ஒரு பெண் வந்து காப்பாற்ற வேண்டிய நிலையில் இருந்ததும் அபூர்வம். இங்கே கார் ஓட்டுகிறவள் டிரேஸி. பனிமேல் நடக்கும் கார்ப் பந்தயத்துக்குள் புகுந்து, எதிரிகளை உதறிவிட்டு அவனைக் கொண்டு வருகிறாள். அன்றிரவு ஒரு வைக்கோல் கொட்டகையில் பாண்ட் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறான். கேட்கிற விதத்தில் வீராப்பு இல்லை, குறும்பு இல்லை.

டிரேஸியாக நடித்த டயானா ரிக் 2020-ல் காலமானார். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் நடித்த நாடக நடிகை. 'அவெஞ்சர்ஸ்' டெலிவிஷன் தொடரில் பெரும் புகழ் பெற்றவர். நடிக்கவே தெரியாத கதாநாயகனுக்குத் துணையாக நன்றாக நடிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்றுதான் அவரைப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது, காதல் காட்சிக்கு முன் வேண்டுமென்றே பூண்டு தின்றுவிட்டு வந்தார் என்றெல்லாம் அன்றைய பத்திரிகைகள் கதை கட்டின. சாப்பாட்டு அறையில் அவர் விளையாட்டாகச் சொன்னது செய்தியாகிவிட்டது. படத்தைப் பார்த்தால் அந்தப் பகை எங்கும் தெரியவில்லை.

டிரேஸியின் அப்பா டிராக்கோ ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவர். மகளைக் கட்டிக்கொள், பத்து லட்சம் பவுண்டு தருகிறேன் என்று ஆரம்பத்திலேயே பேரம் பேசுகிறார். கல்யாணத்தன்று சொன்னபடி செக்கைக் கொடுக்கிறார். மாப்பிள்ளை அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். வரதட்சணை விஷயத்தில் நம்மூர் மாப்பிள்ளைகள் பலரும் ஜேம்ஸ் பாண்டிடம் பாடம் கேட்கலாம்!

கடைசிக் காட்சி

போர்ச்சுகலில் கல்யாணம். மனிபென்னி அழுகிறாள். பாண்ட் தன் தொப்பியை அவள் பக்கமாக வீசிவிட்டுப் போகிறான். வழக்கமாகத் தொப்பியை வீசுவது ஆபீஸில் மாட்டுவதற்கு, இது விடைபெறுவதற்கு. புதுமணத் தம்பதி மலைப்பாதையில் போகிறார்கள். காரை அலங்கரித்த பூக்களை எடுப்பதற்காக ஓரமாக நிறுத்துகிறார்கள். இன்னொரு கார் விரைந்து வருகிறது. ஓட்டுகிறவன் புளோஃபெல்ட். சுடுகிறவள் அவன் கையாள் இர்மா பன்ட். பாண்ட் காருக்குள் குதித்து அவர்களைத் துரத்தத் தயாராகிறான். பிறகுதான் பக்கத்து சீட்டைப் பார்க்கிறான்.

மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்து நிற்கிறார். ஒன்றுமில்லை, அவள் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறாள், எங்களுக்கு அவசரமில்லை என்கிற மாதிரி அவரிடம் பாண்ட் சொல்கிறான். அவ்வளவுதான். குண்டு துளைத்த கண்ணாடி. படம் முடிகிறது.

இந்தக் காட்சியை முதல்தடவை எடுத்தபோது லேஸன்பி கண்ணீர் விட்டு அழுதுவிட்டார். பாண்ட் அழமாட்டான், மறுபடியும் எடுப்போம் என்றார் ஹன்ட். இரண்டாவது தடவை எடுத்ததுதான் படத்தில் இருக்கிறது. ஹன்ட் சொன்னது சரி. கண்ணீர் வரவில்லை என்பதால்தான் பார்க்கிறவர்களுக்கு வருகிறது.

1969-ல் ஜனங்களுக்கு இது பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. பாட்டும் கும்மாளமுமாகப் பண்டிகைக்கு வந்தவர்களைச் சாவு வீட்டில் உட்கார வைத்தால்? விமரிசகர்களில் பலர் லேஸன்பியைக் கடித்துக் குதறினார்கள். போதாக்குறைக்கு, படம் வெளிவருமுன்பே இனி நடிக்கமாட்டேன் என்று அவர் அறிவித்துவிட்டார். ரேடியோ கரோலைன் என்ற கப்பல் வானொலியைத் தொடங்கிய ரோனன் ஓ'ராஹிலி அவருக்கு ஆலோசகர். ஹிப்பிகள் காலம் வந்துவிட்டது, கோட்டு சூட்டு போட்ட பாண்ட் இனி எடுபடமாட்டான் என்று அவர் சொன்னதைக் கேட்டு, ஏழு படத்துக்கான ஒப்பந்தத்தையே உதறினார். தாடியும் நீண்ட முடியுமாக முதல் காட்சிக்கு வந்து நின்றார். தயாரிப்பாளர்கள் எரிச்சலடைந்தார்கள். கானரியையே திரும்ப அழைத்து, 12.5 லட்சம் டாலர் கொடுத்து 1971-ல் அடுத்த படத்தை எடுத்தார்கள். டிரேஸியின் சாவைப் பற்றி அதில் பேச்சே கிடையாது.

மீண்டு வந்த கதை

அமெரிக்காவில் 1976-ல் டெலிவிஷனில் போட்டபோது படத்தை இரண்டு இரவாகப் பிரித்து, காட்சிகளை முன்பின்னாக மாற்றி, யாரோ ஒருவர் குரலில் பாண்ட் கதை சொல்வதுபோல ஒட்டுப் போட்டார்கள். அதைப் பார்த்தவர்களுக்குப் படத்தின் மேல் என்ன மரியாதை வரும்? வீடியோ காஸெட் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. காஸெட்டைப் போட்டுப் பார்க்கிறவன் 1969-ன் சண்டையைப் பார்ப்பதில்லை. கானரி போன வருத்தம் அவனுக்கு இல்லை. நாலைந்து பாண்டுகளை அவன் வரிசையாகப் பார்த்துவிட்டவன். இந்தப் படத்தில் மட்டும் ஏதோ வேறாக இருக்கிறதே என்று அவனுக்குப் பட்டது. ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்.

படக் கம்பெனியும் இந்தப் படத்தை முழுக்க மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதில் எடிட்டராகவும் இரண்டாவது யூனிட் டைரக்டராகவும் வேலை பார்த்த ஜான் கிளென், 1981-ல் முதன்முதலாக ஒரு பாண்ட் படத்தை டைரக்ட் செய்தார். அதன் முதல் காட்சியே பாண்ட் தன் மனைவியின் கல்லறையில் பூ வைப்பதுதான். அதே கிளென்தான் 1983-ல் 'ஆக்டோபுஸி'யை எடுக்க உதய்பூர் வந்தார். நம் சென்னை விஜய் அமிர்தராஜ் அதில் நடித்தார்.

ஜான் பேரியின் இசையைச் சொல்லாமல் விட்டால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். இந்தப் படத்துக்காக லூயி ஆர்ம்ஸ்ட்ராங் பாடிய பாட்டு, 'உலகத்து நேரமெல்லாம் நமக்கே' என்ற பொருளில் தொடங்கும் தலைப்புள்ளது. நோயிலிருந்து எழுந்து வந்து பாடினார், 1971-ல் காலமானார். 1994-ல் ஒரு விளம்பரத்தில் வந்த பிறகு பாட்டு பிரிட்டனில் பெரிய வெற்றி பெற்றது. 2021-ல் வந்த 'நோ டைம் டு டை' படத்தில் அந்தப் பாட்டையே மறுபடி போட்டார்கள். டானியல் கிரெய்க் நடித்த அந்த பாண்டும் காதலிக்கிறான், இழக்கிறான். 1969-ல் குற்றமாகச் சொன்னது பிறகு பெருமையாகிவிட்டது.

டைரக்டர்களில் கிறிஸ்டோபர் நோலன் தனக்கு மிகவும் பிடித்த பாண்ட் படம் இதுவே என்கிறார். 2010-ல் வந்த அவருடைய 'இன்செப்ஷ'னில் பனிமலைக் கோட்டைக் காட்சியைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஸ்டீவன் சோடர்பர்க், படமாக்கிய விதத்தில் மற்ற பாண்ட் படங்கள் இதன் பக்கத்தில்கூட வர முடியாது என்ற கருத்தை 2013-ல் எழுதினார்.

கானரி நடித்திருந்தால்?

ரசிகர்களுக்குள் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. எல்லாம் சரி, இதில் கானரி நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

லேஸன்பியிடம் குறைகள் உண்டு. வசனத்தை ஒரே தாளத்தில் ஒப்பிக்கிறார். வேஷம் மாறி வம்சாவளி ஆராய்ச்சியாளராக வருகிற நீண்ட பகுதியில் அவர் குரலே அவருடையதல்ல. ஜார்ஜ் பேக்கர் என்ற நடிகர் குரல் கொடுத்தார். டிரேஸியைக் காதலித்துக்கொண்டே மலை உச்சியில் அறை அறையாகப் போய் வருகிற பாண்டை எந்த ரசிகராலும் நியாயப்படுத்த முடியவில்லை. முந்தைய படத்தில் நேருக்கு நேர் பார்த்த பாண்டைப் புளோஃபெல்ட் இதில் அடையாளம் தெரியாமல் விழிப்பதற்கும் விளக்கமில்லை.

ஆனாலும் கானரி வேண்டியதில்லை என்பதே என் கட்சி. கானரி திரையில் வந்து நின்றாலே இவன் ஜெயித்துவிடுவான் என்று தெரிந்துவிடும். அந்த மைதானத்து ஓரத்தில் தலை குனிந்து அவர் உட்கார்ந்திருந்தால், ஏதோ தந்திரம் செய்கிறான் என்றுதான் நினைத்திருப்போம். லேஸன்பிக்கு நிஜமாகவே அனுபவம் இல்லை. தான் இந்த இடத்துக்கு உரியவன்தானா என்ற தயக்கம் முகத்தில் நிஜமாகவே இருக்கிறது. அந்தப் பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் வேண்டியது அதுதான். சண்டையில் மட்டும் அவருக்குத் தயக்கமே இல்லை. கை நீட்டினால் அடி விழுகிறது.

படம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும் நேரம் 2 மணி 22 நிமிடம். 2006-ல் 'காஸினோ ரயால்' வரும்வரை இதுதான் வரிசையில் நீளமான படம். நடுவில் ஓட்டிவிடாமல் பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் மெதுவாகத்தான் போகும். லேஸன்பி 2024 ஜூலையில், 84 வயதில், நடிப்பிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.